இணுவிலுக்கு வந்த அமெரிக்கா

யாழ்ப்பாணத்தில் அமெரிக்கத் தேர்தல் பிரதேச சபைத் தேர்தலைப் போலப் பேசப்படும். சலூன் கதிரையில் சவரத்துக்கு இருப்பவரும் வாசிகசாலை வாங்கில் பேப்பர் விரித்திருப்பவரும் எந்த மாநிலத்தில் யார் முன்னிலை என்று சொல்லத் தயாராக இருப்பார்கள். 2020இல் கமலா ஹரிஸுக்காக அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊரான துளசேந்திரபுரத்தில் பூசை நடந்தபோது, அதை உறவுச் செய்தியாக வாசித்தவர்கள் இங்கும் உண்டு. 2024இல் டொனால்ட் ட்ரம்ப் திரும்பி வந்தபோது அது நல்லதா கெட்டதா என்று வீட்டு விறாந்தைகளில் வழக்காடினார்கள். உலை வைக்கிற கவலையை விட்டுவிட்டு வொஷிங்ரன் கதை எதற்கு என்று இதைப் பரிகசிப்பவர்களும் குறைவில்லை. இரு தரப்பிலும் பாதிதான் சரி என்பது என் எண்ணம். அமெரிக்க அரசியல் இந்த மண்ணின் அடுப்படிக்கும் பிரசவ அறைக்கும் இருநூறு ஆண்டுகளாக வந்து போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே அதைப் பேசுவது வீண்வேலையில்லை. ஆனால் ஊர்ப் பேச்சு ஆட்களின் முகத்தைப் பார்க்கிறது. ஊருக்குள் வந்து சேர்ந்தவையோ பெரும்பாலும் கணக்கேடுகளும் சட்டப்பிரிவுகளும். அவற்றை எழுதியவர்களில் மிகப் பலருக்கு யாழ்ப்பாணம் என்ற பெயரே தெரிந்திராது.

இதைச் சோதித்துப் பார்க்க இணுவிலைவிடப் பொருத்தமான ஊர் அரிது. காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் கொக்குவிலுக்கு அப்பால் வரும் ஊர். கந்தசுவாமி கோயிலும் அதன் பெருமஞ்சமும், பரராசசேகரப் பிள்ளையாரும், தவில் மேதை தெட்சணாமூர்த்தியும், செம்மண் தோட்டத்துப் புகையிலையும் என்று அதன் பெருமைகளைச் சொல்பவர்கள் அமெரிக்காவை நினைக்கமாட்டார்கள். சைவம் ஊறிய ஊர். ஆனால் அதற்கு அடுத்த ஊர் உடுவில், மேற்கே எட்டும் தூரத்தில் மானிப்பாய்; இரண்டும் அமெரிக்க மிஷனின் பெரிய நிலையங்கள். போதாக்குறைக்கு மிஷனின் பெண்கள் ஆசுப்பத்திரி இணுவிலுக்குள்ளேயே எழுந்தது. (தோட்டத்து மிளகாயும் புகையிலையும் வளவுப் பப்பாசியும் அமெரிக்கக் கண்டத்தின் செடிகள்தான். அவை போர்த்துக்கேயர் காலத்து வரவு. அமெரிக்கா என்றொரு நாடு பிறக்குமுன்பே இங்கே வேர் பிடித்துவிட்டவை. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.)

முதல் வரவே ஒரு போரின் பக்கவிளைவு. 1810இல் உருவாகி 1812இல் மாசசூசெற்ஸ் சட்டமன்றத்தின் சாசனம் பெற்ற அமெரிக்கன் போர்ட் என்ற மிஷன் சங்கம் தன் முதல் ஆட்களை அனுப்பியது கல்கத்தாவுக்கு. அவர்கள் அங்கே கரையிறங்கிய அதே 1812 யூன் மாதத்தில், பிரித்தானியா மீது அமெரிக்கா போர் அறிவித்தது. பகைநாட்டுக் குடிகளை, அதுவும் மதம் போதிக்க வந்தவர்களை, கிழக்கிந்தியக் கம்பனி வைத்திருக்க விரும்பவில்லை. அப்படி அலைக்கழிக்கப்பட்ட சாமுவேல் நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்தார். இலங்கை கம்பனியின் கையில் இல்லை; முடியின் நேரடி ஆட்சியில் இருந்தது. யாழ்ப்பாணத்தைப் பார்த்துவிட்டு இது ஏற்ற களம் என்று எழுதினார். 1814 டிசம்பரில் கென்ற் நகரில் சமாதான உடன்படிக்கை எழுதப்பட்டது. 1815 ஒக்ரோபரில் ட்ரையட் என்ற கப்பல் நியூபரிபோர்ட்டிலிருந்து புறப்பட்டு 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தது. அதிலிருந்து இறங்கியவர்களில் சிலர் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்தார்கள். ஆயினும் பகையின் கசப்புப் போகவில்லை. அச்சகத்தை நடத்த 1820இல் வந்த அமெரிக்கருக்கு ஆளுநர் பார்ன்ஸ் அனுமதி மறுத்தார். புதிய அமெரிக்க மிஷனரிமாருக்கான தடை ஏறக்குறையப் பதின்மூன்று ஆண்டுகள் நீடித்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை எப்போது அச்சுப் புத்தகம் கையில் எடுக்கும் என்பதை இரண்டு வெள்ளைக்கார அரசுகளின் மனத்தாங்கலும் சேர்ந்து தீர்மானித்தது.

அடுத்த நிகழ்ச்சி என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஜனாதிபதி அன்ட்ரூ ஜக்சன் மத்திய வங்கியை ஜென்மப்பகையாகக் கருதியவர். 1832இல் அதன் சாசனத்தைப் புதுப்பிக்கும் மசோதாவை வீட்டோ செய்தார். 1836இல் அரசுக் காணியைப் பொன், வெள்ளி நாணயம் கொடுத்தே வாங்கவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். 1837 மே மாதம் நியூயோர்க் வங்கிகள் நாணயம் கொடுப்பதை நிறுத்தின. பொருளாதாரம் சரிந்தது. கடைக்காரரும் கமக்காரரும் ஞாயிறு தோறும் காணிக்கைத் தட்டில் போட்ட பணத்தில் நடந்த அமெரிக்கன் போர்ட், செலவைக் குறைக்கும்படி உலகெங்குமுள்ள தன் நிலையங்களுக்கு எழுதியது. அந்தக் கடிதம் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது ஊர்தோறும் நடந்த இலவசப் பள்ளிகள் கலைக்கப்பட்டன. வெளியே விடப்பட்ட பிள்ளைகள் ஐயாயிரத்துக்கும் மேல். ஓலைக் கொட்டிலின் மணல் தரையில் விரலால் அ எழுதிக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஜக்சன் யார், வங்கித் தலைவர் பிடில் யார், வங்கிப் போர் என்றால் என்ன? ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடம் இல்லை என்பது மட்டும் தெரியும். அன்றைக்கு ஊரில் யாராவது ஜக்சனின் குணத்தைப் பற்றிப் பேசியிருந்தால் அது வம்பு. பொஸ்ரனில் இருந்த அந்தச் சங்கத்தின் செயலாளருடைய கணக்கேட்டைப் பற்றிப் பேசியிருந்தால் அது அரசியல் அறிவு.

இங்கே ஒரு மறுப்பு எழும். மிஷன் ஒரு தனியார் சமயச் சங்கம். பாதிரிமாரின் வரவு செலவை அமெரிக்க அரசியல் என்பது வலிந்து சொல்வது என்பார்கள். மேற்பார்வைக்கு நியாயமான மறுப்பு. ஆனால் அந்தச் சங்கத்தின் கையிருப்பை யார் நிரப்பினார்கள், எது வற்றவைத்தது என்று பார்த்தால் பிரிவினை அவ்வளவு சுத்தமாக நிற்காது. போர் அறிவிப்பு கப்பலைத் தடுத்தது, சமாதானம் கப்பலை விட்டது, வங்கிக் கொள்கை பள்ளியை மூடியது. அரசாங்கம் யாழ்ப்பாணத்தை எண்ணிச் செய்ததல்ல இவற்றில் ஒன்றும். எண்ணாமல் செய்ததன் பலன் இவ்வளவு தூரம் வருகிறது என்பதே நான் சொல்ல வருவது. அந்த நன்கொடையாளர்களின் தடம் பெயர்களிலும் கிடக்கிறது. உதயதாரகை பத்திரிகையை 1841இல் தொடங்கி நடத்திய தமிழர் இருவரின் பெயர்கள் ஹென்றி மார்ட்டின், செத் பேசன். ஒரு பிள்ளையின் செலவை ஏற்பவர் தாம் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு இடலாம் என்பது மிஷனின் ஏற்பாடு. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு மேல்நாட்டுப் பெயர் ஒட்டிக்கொண்ட கதை இதுதான். பணம் எங்கிருந்து வந்தது என்பதைத் தமிழ்ப் பத்திரிகை வரலாறே பெயராகச் சுமக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி நம்மவர் அறிந்தது அடிமை ஒழிப்பும் லிங்கனும். அப்போர் யாழ்ப்பாண மிஷனைத் தொட்ட வழி காசுத்தாள். 1862இல் போர்ச் செலவுக்காக அமெரிக்க அரசு பொன்னாக மாற்றமுடியாத பச்சைத்தாள் டொலரை அச்சடித்தது. 1864 யூலையில் அந்தத் தாள் டொலர் ஒன்றுக்குப் பொன்மதிப்பில் நாற்பது சதமும் கிடைக்கவில்லை. கடல்கடந்து பணம் அனுப்பவேண்டிய எந்தச் சங்கமும் முன்னர் ஒரு டொலர் கொடுத்த இடத்தில் இரண்டரை டொலர் கொடுக்கவேண்டி வந்தது. 2022இல் ரூபா விழுந்தபோது மருந்துக் கடையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்த ஆண்டுகளில்தான், 1862இல் இரண்டாம் முறை வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அங்காதிபாதமும் பிரசவ வைத்தியமும் அவர் முயற்சியில் தமிழ் நூல்களாயின. ஆங்கிலம் படித்தவன் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போய்விடுவான், தமிழில் படித்தவன் கிராமத்தில் இருந்து வைத்தியம் செய்வான் என்பது அவர் கணக்கு. டொலரின் வீழ்ச்சிக்கும் இந்தக் கணக்குக்கும் முடிச்சுப் போட நான் துணியமாட்டேன். ஆனால் இந்த மனிதருடைய சகோதரர் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன்தான் நியூயோர்க்கின் சென்ரல் பார்க்கை உருவாக்கியவர்களில் ஒருவர். 1871இல் ட்வீட் கும்பலின் கொள்ளை அம்பலமான பிறகு அந்த மாநகரின் நிதிப் பொறுப்பை ஏற்றுத் தூய்மை செய்தவரும் அவரே. ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் அமெரிக்க நகர அரசியலின் நடுவில், மற்றவர் மானிப்பாயில் எலும்புகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டு. இருவருக்கும் இடையே போய்வந்த குடும்பக் கடிதங்கள் இரு உலகங்களையும் தொட்டவை.

இனி இணுவிலின் ஆசுப்பத்திரி. 1898இல் அமெரிக்க மிஷன் பெண்களுக்கென்று அங்கே நிறுவிய மக்லியொட் வைத்தியசாலையில் பிறந்தவர்கள் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும், இன்று உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அதை எழுப்ப முன்னின்றவர்கள் வெர்மொன்ட் மாநிலத்துச் சகோதரிகளான மேரி லீச், மார்கரெட் லீச். 1880களில் இங்கே பணியாற்றிவிட்டு அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் மேடை மேடையாக ஏறிப் பணம் திரட்டினார்கள். டொக்டர் இசபெல்லா கர் நெடுங்காலம் அதை நடத்தினார். ஆண் வைத்தியர் கைபட அனுமதிக்காத குடும்பங்கள் பிள்ளைப்பேற்றில் பெண்ணை இழக்கத் தயாராக இருந்த காலம் அது. மருத்துவிச்சி கையை மீறிய பேறு என்றால் கோயிலுக்கு நேர்வதைத் தவிர வேறு வழியில்லை. பெண் வைத்தியர் இருக்கிறார், பெண் தாதியர் இருக்கிறார்கள், ஆண் கண்ணில் படாமல் போய்வரலாம் என்ற நிலை உண்டானபோது திரைபோட்ட மாட்டுவண்டி ஆசுப்பத்திரி வாசலுக்கு வரத் தொடங்கியது. பிறப்பு என்பதைவிட அன்றாடமான, அந்தரங்கமான வாழ்க்கை நிகழ்ச்சி வேறெது? அதற்குள் அமெரிக்கா நுழைந்த வாசல் எது என்பதைப் பார்க்கவேண்டும்.

அமெரிக்காவில் பெண் ஒருவர் முதன்முதல் மருத்துவப் பட்டம் பெற்றது 1849இல். ஆண்களின் கல்லூரிகள் தொடர்ந்து கதவடைத்தபடியால் 1850இல் பென்சில்வேனியாவில் பெண்களுக்கென்றே மருத்துவக் கல்லூரி தொடங்கினார்கள். மராட்டியப் பெண் ஆனந்திபாய் ஜோஷி 1886இல் பட்டம் பெற்றது அங்கேதான். உள்நாட்டுப் போர்க்காலத்தில் காயக்கட்டு மடிக்கவும் ஆசுப்பத்திரிப் பண்டங்கள் திரட்டவும் அமெரிக்கப் பெண்கள் ஊர்தோறும் சங்கம் அமைத்துக் கணக்கு எழுதவும் கூட்டம் நடத்தவும் பழகினார்கள். போர் முடிந்த பிறகு அந்தப் பழக்கம் வேறு தொழில் தேடியது. 1868இல் பொஸ்ரனில் பெண்களே நடத்தும் மிஷன் போர்ட் ஒன்று உருவானது அந்த அலையில்தான். உடுவில் பெண்கள் பாடசாலைக்கு அது துணைநின்றது. இந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்குரிமை இல்லை. 1898இல் அவர்களில் மிகப் பலரால் ஒரு கவுன்சிலரைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது. நாடு முழுவதற்குமான வாக்குரிமை வந்தது 1920இல். சொந்த நாட்டு அரசியலின் முன்கதவு சாத்தியிருந்தபோது, தங்கள் சில்லறையைச் சேர்த்து ஆசியாவில் பள்ளியும் ஆசுப்பத்திரியும் கட்டுவதே அவர்கள் கையிலிருந்த பொதுவாழ்வு. அதே 1898இல் அவர்களுடைய கணவன்மார் வாக்களித்து உண்டாக்கிய அரசு ஸ்பானியாவோடு போரிட்டுப் பிலிப்பைன்சைப் பிடித்தது. அமெரிக்க வரலாற்றில் அந்த ஆண்டுக்கு மக்கின்லியின் பெயர் இருக்கும். இணுவிலில் அந்த ஆண்டு வாக்கற்ற பெண்களுக்கு உரியது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம்: இணுவில் பெண்களுக்கு 1931இல், அமெரிக்கப் பெண்களுக்குப் பதினொரு ஆண்டுகள் பிந்தி, வாக்குரிமை கிடைத்தது; ஆனால் யாழ்ப்பாண வாலிப காங்கிரசின் பகிஷ்காரத்தால் அந்த முதல் தேர்தலில் வாக்குப் போட வழியில்லாமற் போனது.

சைவ ஊரொன்றின் வரலாற்றை மிஷன் ஆசுப்பத்திரியின் வழியே சொல்வதை இணுவிலார் சிலர் விரும்பமாட்டார்கள். அவர்கள் மறுப்பில் வலு உண்டு. மிஷன் வந்தது மதம் மாற்ற. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர் அதை எதிர்த்தது வெறும் பிடிவாதமில்லை. பள்ளியும் மருந்தும் தூண்டிலில் குத்திய இரை என்பது அவர் குற்றச்சாட்டு, மிஷனரிமாரின் சொந்த அறிக்கைகளே அதை மறைப்பதில்லை. ஆனால் இணுவிலில் நடந்தது என்ன? ஆசுப்பத்திரியில் பிள்ளை பெற்ற தாய் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, பிள்ளையைக் கந்தசுவாமியாருக்கும் பிள்ளையாருக்கும் காட்டினாள். ஊர் வைத்தியத்தை எடுத்துக்கொண்டது, வேதத்தை மரியாதையாகத் திருப்பி அனுப்பியது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் மிஷனின் நிலையங்கள் யாழ்ப்பாண ஆதீனத்தின் பொறுப்பாயின. ஆசுப்பத்திரி ஊருக்குச் சொந்தமான பெயராகவே நிலைத்தது. அன்னியப் பணம் வந்தால் அன்னியன் விருப்பம்தான் நடக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த உதாரணத்தோடு கொஞ்சம் மல்லுக்கட்டவேண்டும். பணத்தை அனுப்புவதும் நிறுத்துவதும் பொஸ்ரனின் கையில் இருந்தது. வந்ததை என்ன செய்வது என்பது பெருமளவுக்கு இணுவில் வீடுகளின் கையில் இருந்தது.

மிஷன் காலம் ஒடுங்கிய பிறகு அமெரிக்கா வந்தது சாக்குப் பையில். செம்மண் தோட்டம் காசு தரும், நெல் தராது. புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விற்ற காசில் அரிசி வாங்கும் ஊர் இணுவில். அந்த அரிசியோ பெரும்பாலும் கப்பலில் வருவது. கொரியப் போர்க்காலத்தில் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. தன் இறப்பருக்கு அமெரிக்கா கொடுக்கும் விலை போதாது என்று கண்ட இலங்கை 1952இல் சீனாவோடு அரிசி - இறப்பர் ஒப்பந்தம் செய்தது. கம்யூனிச நாட்டுக்கு யுத்தப் பொருள் விற்பவருக்கு உதவி கிடையாது என்ற பற்றில் சட்டத்தைக் காட்டி அமெரிக்கா உதவியை நிறுத்திவைத்தது. இத்தனைக்கும் அப்போது கொழும்பில் ஆண்டது கம்யூனிசத்தைக் கண்டாலே ஆகாத டட்லி சேனநாயக்காவின் கட்சி. ஆட்சியில் இருப்பவர் நமக்கு நண்பரா என்று பார்ப்பதால் எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பதற்கு இது நல்ல அளவுகோல். சங்கக்கடையில் கூப்பனுக்குக் கிடைத்த அரிசியில் சீனத்து அரிசி வந்தது அப்படித்தான்.

பிறகு 1954இல் ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார்: பொதுச்சட்டம் 480. அமெரிக்கக் கமக்காரனின் கோதுமை களஞ்சியங்களில் தேங்கிக் கிடந்தது. விலை விழாமல் காக்க அரசு வாங்கிக் குவித்தது. குவிந்ததை எங்காவது தள்ளவேண்டும். கன்சாஸ் கமக்காரனின் வாக்கைக் காப்பாற்றுவது அதன் முதல் நோக்கம். உலகத்தின் பசி இரண்டாவது. எந்த நோக்கமானாலும் அந்த மா இலங்கைக்கும் வந்தது. யாழ்ப்பாண அடுப்படியில் கோதுமை மாவுக்கு அமெரிக்கன் மா என்ற பெயர் விழுந்தது. குரக்கனும் ஒடியலும் அரிசிமாவும் இருந்த இடத்தில் அது குடியேறியது. ஆவியில் அவித்து அரித்துப் புட்டுக்குக் குழைத்தார்கள், இடியப்பம் பிழிந்தார்கள், ரொட்டி தட்டினார்கள். விடியற்காலையில் பேக்கரிப் பாண் வந்தது. நீரிழிவு பெருகிய இன்றைய யாழ்ப்பாணத்தில் வைத்தியர்கள் குறைக்கச் சொல்லும் கோதுமைப் புட்டு, தேங்கிய அமெரிக்கக் கோதுமைக்கும் இலங்கைப் பங்கீட்டுக்கும் பிறந்த பிள்ளை. நம் பழக்கம் என்று நாம் நினைப்பதில் எத்தனையோ வயது குறைந்தவை.

கொடுத்த கை எடுத்ததும் உண்டு. 1972இல் நிக்சன் அரசு சோவியத் ஒன்றியத்துக்குப் பெருந்தொகைக் கோதுமை விற்க வழிவிட்டது. வாங்கியவர்கள் கெட்டிக்காரர்கள், சந்தை விழித்துக்கொள்ளுமுன் களஞ்சியத்தைக் காலி செய்தார்கள். 1974 தொடங்கும்போது உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறக்குறைய மூன்று மடங்கு. அதே வேளையில் எண்ணெய் விலையும் பாய்ந்தது. வெளிநாட்டுச் செலாவணி இல்லாத இலங்கையில் பங்கீடு சுருங்கியது. விடியுமுன் பாணுக்கு வரிசை நின்றதும் மரவள்ளிக் கிழங்கு அவித்துச் சமாளித்ததும் அந்தத் தலைமுறை மறக்காத விடயங்கள். அவர்கள் சிறிமாவோ அம்மையாரின் அரசைத் திட்டினார்கள்; திட்டியதில் நியாயமும் இருந்தது. இன்னொரு பக்கத்தையும் மறைக்கக்கூடாது: அதே அரசின் இறக்குமதித் தடையால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கண்டறியாத விலை கிடைத்து இணுவில், உரும்பிராய், கோண்டாவில் கமக்காரர் கல்வீடு கட்டியதும் அந்த ஆண்டுகளில்தான். ஊரின் சுகமும் கஷ்டமும் கொழும்பின் தடைக்கும் வொஷிங்ரனின் கோதுமைக்கும் இடையில் பிய்ந்து கிடந்தன. அன்றைய நாளிதழ்களில் அமெரிக்கச் செய்தி என்றால் வாட்டர்கேட். வீட்டுக்குள் வந்ததோ கோதுமை.

இதற்கு இடையில் 1963இன் கதை ஒன்று உண்டு. மலிவாகச் சோவியத் எண்ணெய் வாங்குவதற்காக இலங்கை தொடங்கிய பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1962இல் எஸ்ஸோ, கல்ரெக்ஸ், ஷெல் கம்பனிகளின் சொத்துகளில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டுதான் ஐயோவாவின் செனட்டர் ஹிக்கன்லூப்பர், அமெரிக்கர் சொத்தைப் பறித்து இழப்பீடு தராத நாட்டுக்கு உதவியை வெட்டும் திருத்தத்தைக் கொண்டுவந்திருந்தார். பிரேசிலில் நடந்த ஒரு தொலைபேசிக் கம்பனித் தகராறே அதற்குத் தூண்டுதல். சட்டத்தின் முதல் அடி பிரேசிலுக்கு விழவில்லை, 1963 பெப்ரவரியில் இலங்கைக்கு விழுந்தது. 1965இல் ஆட்சி மாறி இழப்பீட்டுக்கு இணங்கிய பிறகே உதவி திரும்பியது. துலா மிதித்து இறைத்த கிணறுகளில் மண்ணெண்ணெய் மிசின்கள் முழங்கத் தொடங்கிய காலம் அது. எண்ணெயின் விலை இணுவில் தோட்டக்காரருக்குத் தண்ணீரின் விலை. வெள்ளை மாளிகையில் இருந்தவர் கென்னடி. யாழ்ப்பாணத்துச் சுவர்களில் அவர் படம் தொங்கியது.

இத்தனையையும் கேட்டபின் ஒருவர் சொல்லலாம்: தமிழனின் தலைவிதியை எழுதியது கொழும்பு, அதற்கு முன் லண்டன், சில வேளை டெல்லி, அமெரிக்காவை இவ்வளவு பெரிதாக்குவது கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்ப்பது. முதற்பாதியை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். 1956இன் மொழிச் சட்டமும் பல்கலைக்கழகத் தரப்படுத்தலும் 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்த தீயும் 1983இன் தமிழர் எதிர்ப்பு வன்முறையும் அமெரிக்காவில் எழுதப்பட்டவையல்ல. ஆனால் அவற்றைத் தொடர்ந்த போரிலிருந்து தப்பியவர்கள் உலகெங்கும் சிதறியபின் வீட்டுக்கும் வெளிநாட்டுக்கும் இடையிலான காசும் கடிதமும் நகரும் பாதையில் அமெரிக்கச் சட்டம் குறுக்கே நின்றது. 1995இல் ஒக்லஹோமா நகரில் அமெரிக்கன் ஒருவன் வைத்த குண்டில் 168 பேர் மாண்டார்கள். அதன் பின்விளைவாக 1996இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1997 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் பட்டியலிடப்பட்டார்கள். புலிகளை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்பது வேறு கேள்வி. அவர்கள் ஆண்ட நிலத்தில் வாழ்ந்த சாதாரண மக்களுக்கு உதவ நினைத்த வெளிநாட்டுத் தமிழர் ஒவ்வொருவரும் எது குற்றம், எது குற்றமில்லை என்று வழக்கறிஞரைக் கேட்கவேண்டியதாயிற்று. ஒக்லஹோமாவில் லாரி வெடித்த செய்தியைப் படித்த எவரும் அது இணுவிலில் காசோலை மாற்றுவதைத் தொடும் என்று நினைத்திருக்கமாட்டார்.

போருக்குப் பின்னும் இதே போக்குத்தான். 2012, 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் ஜெனிவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானங்களைக் கொண்டுவந்தது அமெரிக்கா. காணாமற்போனவர்களின் தாய்மார் ஜெனிவாவின் மார்ச் மாதத்தைத் திருவிழாப்போல எதிர்பார்த்தார்கள். 2018 யூனில் அமெரிக்கா அந்த மனித உரிமைப் பேரவையை விட்டே விலகியது. முக்கிய காரணம் இஸ்ரேல் மீதான பேரவையின் போக்கு; நாம் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. 2025 சனவரியில் ட்ரம்ப் பதவியேற்ற நாளிலேயே வெளிநாட்டு உதவியை நிறுத்திவைக்க ஆணையிட்டார். யூலையோடு யூஎஸ்எய்ட் என்ற நிறுவனமே இல்லை. முகமாலையிலும் அயலிலும் மண்ணைக் கிளறிக் கண்ணிவெடி பொறுக்கும் வேலை ஆண்டுக்கணக்காக அமெரிக்க நிதியை நம்பியிருந்த வேலைகளில் ஒன்று. ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வை அறிவித்தார்கள். யூலையில் 30, பின்னர் 20 என்று இறங்கியது. இலங்கையின் ஏற்றுமதியில் ஏறக்குறையக் கால்வாசி அமெரிக்காவுக்குப் போகிறது, அதில் பெரும்பங்கு உடுப்பு. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தையல் மிசினுக்கு முன்னால் இருக்கும் பெண்பிள்ளைகளுக்கு இந்த எண்கள் ஓவர்ரைம் உண்டா இல்லையா என்ற கேள்வி. அதே யூலை 4ஆம் திகதி கையெழுத்தான பெருஞ்சட்டத்தின் ஒரு மூலையில், அமெரிக்காவிலிருந்து காசாகக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 1 சதவீத வரி இருக்கிறது. 2026 தொடக்கத்திலிருந்து நடைமுறை. வங்கிக் கணக்கு வழியே அனுப்புபவருக்கு இல்லை, காசைக் கொண்டுபோய்க் கட்டுபவருக்கு உண்டு. அதாவது வசதி குறைந்தவருக்கு. சலூன் விவாதங்களில் ட்ரம்பின் தலைமயிர் வருகிறது, இந்த ஒரு சதவீதம் வருவதில்லை.

கடைசியாக ஒரு மறுப்பு, எனக்கு மிகக் கடினமானது இதுதான்: சரி, கணக்கேட்டையும் சட்டப்பிரிவையும் வாசித்தோம், அதனால் என்ன செய்யமுடியும்? இணுவிலுக்கு அமெரிக்காவில் வாக்கு இல்லையே. 1898இன் பெண்களுக்கும் வாக்கு இல்லை என்று மட்டும் சொல்லித் தப்பமாட்டேன். அவர்கள் அந்த நாட்டுக்காரர். மறுமொழிக்கு நெருங்கி வருவது அமெரிக்காவில் வாழ்ந்த தமிழர் சிலரும் மனிதநேயச் சட்டத் திட்டம் என்ற அமைப்பும் 1998இல் தொடங்கிய வழக்கு. சமாதானப் பேச்சு எப்படி நடத்துவது, சுனாமி உதவியைச் சர்வதேச அமைப்புகளிடம் எப்படிக் கோருவது என்று பட்டியலிடப்பட்ட இயக்கத்துக்குக் கற்றுக்கொடுப்பதும் பயங்கரவாதத்துக்கு உதவியா என்று அவர்கள் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு சொற்றொடரைப் பிடித்துக் கேட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் இழுபட்டு 2010 யூன் 21ஆம் திகதி உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அவர்களுக்கு எதிராகத் தீர்த்தது. தோற்றார்கள். அதற்குள் போரே முடிந்துவிட்டிருந்தது. ஆனாலும் மூன்று நீதியரசர்கள் மாறுபட்டார்கள். நீதியரசர் பிரேயர் எழுதிய மறுப்புரையை அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். தமிழர் பெயர் பதிந்த ஒரு வழக்கு, பேச்சுச் சுதந்திரத்தின் எல்லை எது என்ற அமெரிக்கர்களின் சொந்த விவாதத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. இருநூறு ஆண்டுகளாக ஒரு பக்கமாகவே வந்துகொண்டிருந்த வண்டி அந்த ஒரு தடவை மறுபக்கமும் போயிருக்கிறது. அதை ஓட்டியவர்கள் எந்தக் கட்சி வெல்லும் என்று பந்தயம் கட்டியவர்களல்லர், சட்டத்தின் அந்தப் பிரிவை வரிவரியாக வாசித்தவர்கள்.